சோலாருக்குப் போட்ட சாமந்தி மாலை

கரண்ட் இல்லாத இடத்தில் முகாம் போடப் போகிறோம், சோலார் பலகை வாங்கலாமா, அது பிரயோஜனப்படுமா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் ஒரு பஸ்ஸைப் பற்றித்தான் சொல்வேன். குருவிநத்தத்திலிருந்து பாகூருக்குப் போகும் ஆறேகால் மணி பஸ். அந்த பஸ்ஸை வெறுத்த மாதிரி வேறு எந்த வண்டியையும் நான் வெறுத்ததில்லை.

எண்பதுகளில் நான் பாகூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், வாயில் அதட்டல். சாரணியர் படையும் என் பொறுப்புதான். வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் தென்பெண்ணைக் கரையில், குருவிநத்தம் சவுக்குத்தோப்பில் எங்களுக்கு மூன்று நாள் முகாம். நாங்கள் முடித்த மறுவாரம் அதே தோப்பில் பையன்கள் பள்ளியின் முகாம். பையன்கள் மூன்று ராத்திரியும் அங்கேயே படுத்துத் தூங்குவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலையில் போய்க் கூடாரம் அடிப்பார்கள், கயிற்றில் முடிச்சுப் போடுவார்கள், கல் கூட்டி அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்பார்கள். சாயங்காலம் அடித்த கூடாரத்தைப் பிரித்து மடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் காலையில் வந்து அதே கூடாரத்தை அதே குழியில் திரும்ப அடிப்பார்கள்.

பையன்கள் எங்கள் முகாமுக்கு 'டிபன் கேரியர் கேம்ப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என்ன சொல்லி அடக்குவது? சொன்னது உண்மைதானே. ஆறேகால் பஸ் தோப்பு முனையில் வந்து நிற்கும். நடத்துனர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "பொண்ணுங்கல்லாம் ஏறு, ஏறு! இருட்டப் போவுது!" என்று கத்துவார். அப்போதுதான் ஆற்று மணலில் சிவப்பு இறங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு தோப்பைத் திரும்பிப் பார்த்தபடியே வருவார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

காரணம் ஒன்றே ஒன்று, வெளிச்சம். தோப்பில் கரண்ட் கிடையாது. "வெளிச்சம் இல்லாத எடத்துல வயசுக்கு வந்த பொண்ணுங்கள எப்படிம்மா வுடறது?" என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் கேட்பார்கள். அந்தப் பெற்றோருக்கெல்லாம் தலைவர் ஒரு பாய். பாகூர்க் கடைத்தெருவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ எதுவானாலும் அவர் விளக்குதான் போகும். அவருடைய மகள் என் படையில் தலைவி. முடிச்சுப் போட்டால் மாடே இழுத்தாலும் அவிழாது, அப்படிப்பட்ட பெண்.

ஒரு வருஷம் நான் அவரிடமே போய், "பாய், உங்க வெளக்கையே நாலு குடுங்க. பிள்ளைங்க ராத்திரி தங்கட்டும்" என்றேன். விளக்குக்காரர் வியாபாரத்தை விடுவாரா என்று எனக்கு ஒரு நப்பாசை.

அவர் கையை விரித்தார். "டீச்சரம்மா, நான் யாவாரி. பெட்ரோமாக்ஸ் மாதிரி உண்டான்னு ஊருக்கே சொல்லுவேன். ஆனா அதோட குணம் எனக்கில்ல தெரியும்? காத்தடிச்சா மேண்டில் உதுந்துடும். வாஷர் போச்சுன்னா குபுக்குனு தீ மேல வரும். கித்தான் கூடாரத்துல எம்பொண்ணு படுத்துக்கினு இருக்க, பக்கத்துல இது புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு வுட்டுக்கினு இருந்தா, எனக்கு வூட்டுல தூக்கம் வருமா? நெருப்பு இல்லாத வெளக்கு ஒண்ணு கொண்டாங்க. அப்பறம் பேசலாம்."

தன் சரக்கை இப்படி உள்ளபடி சொல்லும் கடைக்காரரிடம் எப்படிச் சண்டை போடுவது? வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

நெருப்பு இல்லாத விளக்கை நான் வில்லியனூர்ப் பக்கம் ஒரு விவசாயக் கண்காட்சியில்தான் முதன்முதலில் பார்த்தேன். என் தாய்வீடு உறுவையாறு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அம்மாவும் நானும் அந்தப் பந்தலுக்குள் நுழைந்தோம். கேரம் போர்டில் பாதி அளவு ஒரு கண்ணாடிப் பலகை. அதற்குள் கருநீலத்தில் வட்ட வட்டமாக, கல்லில் வரிசை பிடித்து ஊற்றிய குட்டித் தோசைகள் போல. பலகையிலிருந்து ஒரு ஒயர் பேட்டரிப் பெட்டிக்குப் போனது, பெட்டியிலிருந்து இரண்டு சின்ன ட்யூப் லைட்டுகளுக்கு. "இது இன்னாடி கண்ணாடி, மூஞ்சியே தெரியல?" என்றார் அம்மா. தீ இல்லாமல், ஒயர் வெளியே எங்கும் போகாமல் எரிகிற விளக்கைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். என் கண்ணுக்கு அது ஆறேகால் பஸ்ஸைத் துரத்தும் விளக்காகத் தெரிந்தது.

புதுச்சேரியில் ஓர் அலுவலகம் ஊர் ஊராகக் காட்டுவதற்காக அதை வைத்திருந்தது. கேட்டால் முகாமுக்கு இரவல் தருவார்கள் என்றும் தெரிந்தது. உடனே பாய்ந்து வாங்கி வந்துவிடவில்லை. கோபக்காரிக்கு யோசனை கிடையாது என்று நினைப்பவர்களுக்குக் கோபக்காரிகளைத் தெரியாது. நான் ஒவ்வொன்றாக எடைபோட்டேன். டார்ச் லைட்டா? பிள்ளைகள் கையில் டார்ச்சைக் கொடுத்தால் தாடைக்குக் கீழே அடித்துப் பேய் காட்டியே பேட்டரிக் கட்டையைத் தீர்த்துவிடுவார்கள். கார் பேட்டரியில் பல்பு மாட்டலாமா? மாட்டலாம், ஆனால் மூன்று ராத்திரிக்குத் தாங்காது. நடுவில் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்றப் பாகூருக்கு ஓட வேண்டும், ஆசிட் தளும்பினால் தாவணியெல்லாம் பொத்தல். அரிக்கேன் விளக்கு? அதுவும் நெருப்புதான். சோலாரிலும் குறை இல்லாமல் இல்லை. தை மாதத்தில் ஆற்றங்கரையில் வெயில் ஏறும்வரை பனி மூடிக்கொண்டிருக்கும், எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. தோப்புக்குள்ளேயோ முழுக்க நிழல். விழுந்தால் உடைகிற பொருள், அதுவும் இரவல் பொருள். இவ்வளவும் செய்து கிடைக்கப்போவது இரண்டே இரண்டு சின்ன விளக்கு.

ஆனால் எங்களுக்குத் தேவையும் அந்த இரண்டுதான். சமைக்கிற இடத்தில் ஒன்று, கழிப்பிடமாகக் கட்டும் கீற்று மறைப்புக்குப் போகும் வழியில் ஒன்று. தாய்மார்களின் பயம் மொத்தமும் அந்த மறைப்புக்குப் போகும் வழியில்தான் கிடந்தது. பலகையைத் தோப்புக்குள் வைக்காமல் ஆற்று மணலில் வைத்தால் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

நான் போய்ச் சொன்னதைப் பாய் முழுதாகக் கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "கேம்புக்கு முன்னால மூணு நாள் ஸ்கூல்லயே எரிச்சுக் காட்டுங்க. மூணாம் நாள் நான் வர்றேன். கரண்ட்ட அமுத்திட்டு ஏத்துங்க. நான் பொழுது சாஞ்சதும் மஃரிப் தொழுதுட்டு வந்து ஒரு தபா பாப்பேன், ராத்திரி இஷா தொழுது, சோறும் துன்னுட்டு வந்து இன்னொரு தபா பாப்பேன். அப்பவும் எரிஞ்சா எம்பொண்ணு வருவா. அவ வந்தா மத்த பொண்ணுங்களும் வரும். எரியலன்னா கோச்சுக்காதீங்க, இந்த வருசமும் பஸ்ஸுதான்."

பலகை வந்து இறங்கிய அன்று பள்ளிக்கூடமே திருவிழாவாக இருந்தது. கொண்டுவந்தவர், "வெயில்ல வைங்க, பெட்டியில தண்ணி படாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் அவர் என்ன சொல்வார்? எங்கள் ஊர் வழக்கம் அவருக்குத் தோன்றியிருக்காது. புது சைக்கிள் வந்தாலும், புது பம்ப்செட் வந்தாலும், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் புது பீரோ வந்தாலும் சும்மா உள்ளே விடமாட்டோம். பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, தானே முன்னின்று பூஜை போட்டார். கண்ணாடிக்குள் வட்டங்களைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வட்டத்துக்கும் நட்டநடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். ஒரு வட்டம்கூட வெறும் நெற்றியாக இல்லை. பிறகு பலகைக்குக் குறுக்கே கொழுகொழுவென்று ஒரு சாமந்தி மாலை. தேங்காய் உடைத்தாயிற்று. நானும் சும்மா நிற்கவில்லை. மாதா கோயில் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தேன். தீர்த்தம் காய்ந்துவிட்டது, அதனால் என் பங்குக்குப் பாதகமில்லை.

முதல் நாள் சாயங்காலம் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பேட்டரி அலுவலகத்திலேயே நிறைந்து வந்திருக்கிறது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை, மாலையும் பொட்டும் போட்ட ராசி என்றே எல்லோரும் நம்பினோம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பெரிய டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் வாடிய மாலையை எடுத்துவிட்டு முன்னதைவிடப் பருமனாக ஒன்றைப் போட்டார்.

இரண்டாம் நாள் விளக்கு மங்கலாகத் தொடங்கி, பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. இருட்டில் யாரோ, "அவ்ளோதானா?" என்றார்கள். எனக்கு அழுகையே வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், எல்லோரையும் விரட்டி வீட்டுக்கு அனுப்பினேன்.

"ஊர்க்கண்ணு பட்டுப்போச்சு" என்று பெரிய டீச்சர் தீர்மானித்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் பியூன் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து வந்து பலகையின் தலையில் கட்டித் தொங்கவிட்டார். பாயின் மகள் அவள் அம்மா கொடுத்தனுப்பிய தாயத்தைக் கறுப்புக் கயிற்றில் கட்டினாள். பெரிய டீச்சர் வழக்கம்போலப் புது மாலை, இந்த முறை இரண்டு. சந்தனம் உதிர்ந்த வட்டங்களுக்கு மறுபடியும் சந்தனம். சாமிகளுக்குள் சண்டை இல்லை, மூன்று மதத்துக்காரர்களும் ஒருமனதாகக் கூடி அந்தப் பலகையை மூடினோம்.

அன்று மத்தியானம் பாயின் மகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். பெஞ்சின் மேல் பலகை சாய்ந்திருந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில். பெட்டியின் முகப்பில் கரண்ட் ஏறுவதைக் காட்டும் முள் ஒன்று உண்டு. அது அசையாமல் அடியில் படுத்துக்கிடந்தது. சாயங்காலம் பாய் வரப்போகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பலகையைப் பார்த்தே கத்த ஆரம்பித்தேன். "இவ்ளோ வெயிலத் துன்னுட்டு இன்னா தூக்கம் உனக்கு? உனக்கு மால ஒரு கேடா?" என்று இரண்டு மாலைகளையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக் கீழே எறிந்தேன்.

"டீச்சர்! முள்ளு ஏறுது! முள்ளு ஏறுது!" என்று அந்தப் பெண் அலறினாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாலையை எடுத்து மறுபடி பலகையின் மேல் போட்டேன். முள் படுத்தது. எடுத்தேன். எழுந்தது. போட்டேன், எடுத்தேன், போட்டேன். பைத்தியக்காரி மாதிரி சிரித்துக்கொண்டே அதையே செய்தேன். பிறகு எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தோம். ஒரே ஒரு வட்டத்தின் மேல்தான் அது தொங்கியது. அதை எடுத்ததும் முள் இன்னும் ஒரு எகிறு எகிறியது. காய்ந்துபோன சந்தனத்தை என் முந்தானையை நனைத்து வட்டம் வட்டமாகத் துடைத்தோம். பொட்டு போகப் போக முள் மேலே மேலே போனது. அந்த வட்டங்களெல்லாம் சங்கிலியாகக் கைகோத்து நிற்பவை, ஒன்று நிழலில் உட்கார்ந்தால் மற்றதெல்லாமும் அதோடு சேர்ந்து இளைத்துவிடும் என்று பிற்பாடு விஞ்ஞான டீச்சர் விளக்கினார். அன்றைக்கு எங்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மாடியில் நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் மூச்சு வாங்க ஏறி வந்தார். தரையில் கிடந்த மாலைகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "மங்கலமா போட்டதப் பிச்சி எறிஞ்சிட்டியே, உனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதா?"

நான் ஒரு மாலையை எடுத்துக் குறுக்கே வைத்து முள்ளைக் காட்டினேன். எடுத்துவிட்டுக் காட்டினேன். "டீச்சர், இது வெயிலத் துன்ற சாமி. மூஞ்சிய மூடிட்டுத் துன்னுன்னா எப்படித் துன்னும்?"

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனுஷி, பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் கையில் எடுத்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "அப்ப இத எங்கதான் போடறது?" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. "ராத்திரிக்கு வெளக்கு மாட்டப்போற கம்பத்துக்குப் போடுங்க. வெளிச்சம் அங்கதானே வருது" என்றேன். மாலைகளும் எலுமிச்சையும் தாயத்தும் எல்லாம் கம்பத்துக்குக் குடிபோயின. யாருடைய சாமிக்கும் குறைவில்லை.

அன்று பிற்பகல் என் படை செய்த வேலையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும். சூரியன் நகர நகரப் பிள்ளைகள் முறைவைத்துப் பெஞ்சைத் திருப்பினார்கள். ஒருத்தி முள்ளைப் பார்த்துச் சத்தம் கொடுப்பாள், இன்னொருத்தி பலகையைச் சாய்ப்பாள், மற்றொருத்தி காக்கா விரட்டுவாள். பலகையைத் தாண்டிப் போகிறவர்கள் நிழல் விழாமல் குனிந்து, சில பேர் தவழ்ந்தே போனார்கள். பெரிய டீச்சரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து போனார். ஆனாலும் பாதிப் பகல் வீணாகிவிட்டதே, இருக்கிற வெயில் போதுமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பாய் சொன்னபடி மஃரிப் முடித்து வந்தார். கூடவே மற்ற பெற்றோரும். மெயின் சுவிட்சை அணைத்தோம். நான் சுவிட்சைப் போட்டேன். இரண்டு விளக்கும் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு வெள்ளை வெளேரென்று எரிந்தன. பாய் தலையை ஆட்டிவிட்டு இஷா தொழுகைக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் உட்காரவில்லை. பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள், முடிச்சுப் போட்டுக்காட்டினார்கள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இஷா முடித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு பாய் வந்தார். விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அவர் நேராகக் கம்பத்திடம் போய், வாழ்நாளெல்லாம் சூட்டில் காய்ந்த தன் உள்ளங்கையை ட்யூப் லைட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சூடே இல்ல" என்றார். காதைக் கொடுத்துக் கேட்டார். "சத்தமும் இல்ல." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மா, இது ஊருக்குள்ள வந்தா என் கட படுத்துடும்."

நான் அவர் சொல்லப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவரோ மகள் பக்கம் திரும்பி, "கம்பளிப் போர்வைய எடுத்து வெச்சுக்க புள்ள. ஆத்தங்கரையில பனி கொட்டும்" என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு நாயெல்லாம் குரைத்தது. நான் விசிலை எடுத்து மூச்சு இருக்கும்வரை ஊதினேன், அடக்குவதற்காக இல்லை.

ஆகவே, பிரயோஜனமா என்று கேட்டால், பிரயோஜனம்தான். வெட்டவெளி வேண்டும், முகத்தைத் துடைத்து வைத்திருக்க ஆள் வேண்டும், இரண்டு விளக்கு போதும் என்கிற மனசு வேண்டும். கல்யாணப் பந்தலுக்கு அன்றைக்கு அது உதவியிருக்காது, அதற்குப் பாயிடம்தான் போயிருப்பேன். எங்களுக்கு அது தேவையானதைக் கொடுத்தது.

அடுத்த வாரம் குருவிநத்தத்தில் முகாம். பலகையை ஆற்று மணலில் நட்டு, பகலெல்லாம் முறைவைத்துத் திருப்பினோம். கூடாரங்களை அடித்தோம், பிரிக்கவில்லை. மணலில் சிவப்பு இறங்கியது. தோப்பு முனையில் ஆறேகால் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் எல்லோரும் செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நடத்துனர் வழக்கம்போல ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், பொண்ணுங்க ஏறலியா? இருட்டப் போவுது!"

"இருட்டட்டும்," என்றேன். "நீங்க போங்க."

பாயின் மகள் சுவிட்சைப் போட்டாள். நடத்துனர் கொஞ்ச நேரம் அந்த இரண்டு விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் எங்கள் இடமெல்லாம் காலியாகப் பாகூருக்குப் போனது.